ராஸ்டர் வரைபடத்தில் நிறம் ஒரு வழி, எண் ஒரு வழி: கிளிக் செய்த இடத்தின் மதிப்பைச் சரியாக எடுத்த அனுபவம்

வேலை கேட்பதற்குச் சின்னதுதான். ஒரு மலைப்பகுதியின் வரைபடம் திரையில் இருக்க வேண்டும். எங்கே கிளிக் செய்தாலும் அந்த இடத்தின் உயரம், சரிவு, அங்கே இருப்பது காடா வயலா தண்ணீரா என்ற விவரம், அப்புறம் தாவரப் பசுமைக் குறியீடு, இந்த நான்கும் வர வேண்டும். ஒரு பாதையை வரைந்தால் அதன் ஏற்ற இறக்கம் வரைகோடாக வர வேண்டும், ஒரு பரப்பை வளைத்தால் அதற்குள் எது எவ்வளவு என்று கணக்கு வர வேண்டும். மலையில் நடைபாதை திட்டமிடுகிறவர்கள் இந்த எண்களை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள் என்பதால், படம் அழகாக இருக்கிறதா என்பதைவிட எண் சரியா என்பதுதான் எனக்கு முதல் கவலையாக இருந்தது.

உயரத்துக்கு எஸ்ஆர்டிஎம், கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் என்ற இரண்டு உயரத் தரவுகளையும் எடுத்தேன். நிலப்போர்வைக்கு, அதாவது காடா வயலா என்ற விவரத்துக்கு, ஐரோப்பிய விண்வெளி முகமையின் வேர்ல்டுகவர் 2021, பசுமைக் குறியீட்டுக்கு சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள். கண்ணால் பார்க்க க்யூஜிஐஎஸ், கோப்புகளைப் பதப்படுத்த ஜிடால், பைத்தானில் படிக்க ராஸ்டீரியோ, இணையத்தில் படம் கொடுக்க ஜியோசர்வர். எல்லாம் இலவசம், எல்லாம் பழகிய கருவிகள்தான்.

இதில் ஒரு விஷயத்தை முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். ராஸ்டர் கோப்பு என்பது நிலத்தைச் சிறு கட்டங்களாக, அதாவது பிக்சல்களாகப் பிரித்து வைத்திருப்பது, ஒவ்வொரு பிக்சலிலும் இருப்பது ஓர் எண். அந்த எண் திரைக்கு வந்து சேர்வதற்குள் அது உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் வேறு ப்ரொஜெக்‌ஷனுக்கு மாறும், பெரிதாகவோ சிறிதாகவோ ஆகும், பக்கத்துப் பிக்சல்களோடு கலக்கும், கடைசியில் 0 முதல் 255 வரையுள்ள மூன்று நிற எண்களாகச் சுருங்கும். கண்ணுக்கு அது போதும். ஆனால் அந்தப் பாதையின் கடைசியில் நின்றுகொண்டு உயரம் எவ்வளவு என்று கேட்டால் வருவது உயரம் மாதிரி இருக்கும் ஏதோ ஓர் எண். அதனால் படத்துக்கு ஒரு வழி, எண்ணுக்கு ஒரு வழி என்று ஆரம்பத்திலேயே பிரித்துவிட்டேன். படத்தின் வழியில் எவ்வளவு அலங்காரம் வேண்டுமானாலும் செய்யலாம், எண்ணின் வழி மட்டும் மூலக் கோப்புக்கு நேராகப் போய்த் தொட்டுவிட்டு வர வேண்டும்.

உண்மையான தரவைத் தொடுவதற்கு முன்னால் ஒரு பரிசோதனைக் கோப்பு செய்தேன். இந்த வேலை முழுவதிலும் எனக்கு அதிகம் உதவியது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 100 வரிசை, 100 நெடுவரிசை உள்ள ஒரு ஜியோடிஃப், அதாவது இட விவரத்தோடு சேர்ந்த ராஸ்டர் கோப்பு. ஒவ்வொரு பிக்சலிலும் வரிசை எண்ணை 1000-ஆல் பெருக்கி நெடுவரிசை எண்ணைக் கூட்டிய மதிப்பு. அதாவது 12-ஆம் வரிசை, 37-ஆம் நெடுவரிசை என்றால் 12037. எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்குவதால் கடைசிப் பிக்சல் 99099, அது 16 பிட்டுக்குள் அடங்காது, அதனால் 32 பிட் முழு எண்ணாக எழுத வேண்டும். பிக்சல் அளவும் இடமும் உண்மையான உயரக் கோப்பில் இருப்பது மாதிரியே கொடுத்தேன்.

இந்தக் கோப்பை எந்த மென்பொருளில் போட்டுக் கிளிக் செய்தாலும், வருகிற எண்ணே எந்தப் பிக்சலைப் படித்தது என்று சொல்லிவிடும். 12037 வர வேண்டிய இடத்தில் 12038 வந்தால் ஒரு பிக்சல் தள்ளிப் படிக்கிறது. 37012 வந்தால் வரிசையும் நெடுவரிசையும் இடம் மாறியிருக்கின்றன. 87037 வந்தால் படம் தலைகீழாக இருக்கிறது. 12037.5 என்று பின்னத்தோடு வந்தால் யாரோ நடுவில் இடைமதிப்பு கணக்கிடுகிறார்கள். உயரக் கோப்பை வைத்துக்கொண்டு இதையெல்லாம் கண்டுபிடிக்கப் பார்த்தால் 843 மீட்டருக்குப் பதில் 847 வருவது யார் கண்ணிலும் படாது. ராஸ்டரிலிருந்து மதிப்பு எடுக்கும் எந்த நிரலை எழுதினாலும் இப்படி ஒரு கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உண்மையான தரவுக்கு வருவோம். எஸ்ஆர்டிஎம் என்பது 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து ரேடார் மூலம் எடுத்த உயரத் தரவு. வடக்கே 60 டிகிரி முதல் தெற்கே 56 டிகிரி வரைதான் உண்டு. ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி கோப்பு, 3601-க்கு 3601 புள்ளிகள், ஒவ்வொன்றும் 2 பைட், ஆக மொத்தம் 2,59,34,402 பைட். கோப்புக்குத் தலைப்பு எதுவும் கிடையாது, பெயரிலிருந்துதான் இடம் தெரியும், அளவிலிருந்துதான் பிரிதிறன் தெரியும். கோப்பின் அளவு இந்த எண்ணோடு ஒத்துவரவில்லை என்றால் தரவிறக்கம் பாதியில் நின்றிருக்கிறது என்று அர்த்தம். மேலே எதுவும் செய்வதற்கு முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

ரேடார் நிழல் விழுந்த மலையிடுக்குகளில் மதிப்பு இல்லாத இடங்களுக்கு -32768 என்று குறித்திருப்பார்கள். மென்பொருளுக்கு இதுதான் நோடேட்டா, அதாவது தரவு இல்லை என்பதைக் குறிக்கும் மதிப்பு என்று தெரிந்தால் பிரச்சினை இல்லை. தெரியாவிட்டால் இரண்டு விதமாகக் கெடும். முதலாவது கண்ணுக்குத் தெரியும்: குறைந்தபட்சம் -32768, அதிகபட்சம் 2600 என்று வைத்து நிறம் பிரித்தால், மலை முழுவதும் கடைசி நிறத்தில் போய் ஒட்டிக்கொண்டு வெள்ளைத் தாள் மாதிரி தெரியும். இரண்டாவது கண்ணுக்குத் தெரியாது: அந்த இடத்தின் ஓரத்தில், சுற்றியுள்ள நான்கு பிக்சல்களைத் தூரத்துக்கேற்பக் கலக்கும் பைலீனியர் முறையில் இடைமதிப்பு எடுத்தால், மூன்று நல்ல பிக்சலும் ஒரு -32768-ம் கலந்து மைனஸ் ஏழாயிரம், எட்டாயிரம் என்று ஏதோ வரும். அதுவாவது பரவாயில்லை, பார்த்ததும் சந்தேகம் வரும். கெட்ட பிக்சலின் பங்கு மிகக் குறைவாக இருந்தால் 900 மீட்டர் 780 ஆகிவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இதற்குக் குறுக்குவழியாக, சுழியத்துக்குக் கீழே உள்ளதையெல்லாம் நீக்கிவிடலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். அதைச் செய்யவே கூடாது. சாக்கடலின் நீர்மட்டம் கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 430 மீட்டரில் இருக்கிறது, நெதர்லாந்தில் மக்கள் வாழும் நிலமே பல இடங்களில் கடல் மட்டத்துக்குக் கீழேதான். மைனஸ் உயரம் முறையான உயரம். நோடேட்டா என்ன என்பதைக் கோப்பின் விவரத்திலேயே எழுதிவைத்து, பைத்தானில் படிக்கும்போது அந்தப் பிக்சல்கள் கணக்கில் சேராதபடி மறைப்போடு படிப்பதுதான் வழி. தசமத் தரவுகளில் இன்னொரு தொல்லை உண்டு. -9999 என்று எழுதாமல் 32 பிட்டின் எல்லை மதிப்பான -3.4028235 × 10-இன் 38-ஆம் அடுக்கு என்று எழுதியிருப்பார்கள். அதைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் கடைசி இலக்கம் ஒத்துப்போகாமல் மறைப்பு விழாது. அப்படிப்பட்ட கோப்பு கிடைத்தால் நான் முதல் வேலையாக அதை -9999-க்கு மாற்றி எழுதிவிடுகிறேன்.

க்யூஜிஐஎஸ்ஸில் ஒற்றைப் பட்டை (ஒரு பிக்சலுக்கு ஓர் எண் மட்டும் உள்ள) ராஸ்டரைத் திறந்ததும் வருகிற சாம்பல் நிறப் படத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நிறத்துக்கான குறைந்தபட்ச, அதிகபட்ச எல்லைகளை அது எப்படி எடுத்திருக்கிறது என்று லேயரின் பண்புகளில் பாருங்கள். மதிப்புகளின் 2 முதல் 98 சதவீதம் வரை என்று வெட்டுகிற ஒரு வழி அங்கே இருக்கிறது. ஓரங்களில் உள்ள அதீத மதிப்புகள் படத்தைக் கெடுக்காமல் இருப்பதற்காக வைத்தது, நல்ல ஏற்பாடு. ஆனால் மிக உயரமான சிகரமும் அதற்கு 200 மீட்டர் கீழே உள்ள முகடும் ஒரே வெள்ளையாகத் தெரியலாம். எல்லையைத் திரையில் தெரியும் பகுதிக்கு ஏற்ப மாற்று என்று வைத்தால், வரைபடத்தை நகர்த்த நகர்த்த ஒரே இடத்தின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். எண் மாறவில்லை, நிறம் மட்டும்தான் மாறுகிறது. நிறத்தை வைத்து இரண்டு இடங்களை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் எல்லை மதிப்புகளைக் கையால் போட்டுப் பூட்டிவிட வேண்டும். அதேபோல, லேயரைச் சேமிக்கும்போது மூலத் தரவாகவா, தெரிகிற படமாகவா என்று கேட்கும். படமாகச் சேமித்தால் நான்கு பட்டை நிறக் கோப்புதான் கிடைக்கும், உயரம் அதற்குள் இருக்காது.

அடுத்து இடக் கணக்கு. ராஸ்டரின் இடம் ஆறு எண்களில் அடங்கிவிடும்: மேல் இடது மூலையின் இரண்டு ஆயங்கள், பிக்சலின் அகலம், உயரம், சாய்வுக்கு இரண்டு. சாய்வு பெரும்பாலும் சுழியம், உயரம் மைனஸில் இருக்கும், ஏனென்றால் வரிசை கீழே போகப் போக அட்சரேகை குறைகிறது. புள்ளியின் ஆயத்திலிருந்து மூலையின் ஆயத்தைக் கழித்துப் பிக்சல் அளவால் வகுத்தால் நெடுவரிசை, வரிசை வரும். வருகிற பின்னத்தைக் கீழ்நோக்கி முழு எண்ணாக்க வேண்டும். கிட்டத்தில் உள்ள முழு எண்ணுக்கு மாற்றினால் பாதி இடங்களில் பக்கத்துப் பிக்சலுக்குப் போய்விடும். பைத்தானில் சும்மா முழு எண்ணாக மாற்றினால் அது சுழியத்தை நோக்கி வெட்டும், அதனால் கோப்புக்கு வெளியே இடப்பக்கம் -0.4-இல் இருக்கும் புள்ளிகூட 0-ஆம் நெடுவரிசை ஆகி, இல்லாத இடத்துக்கு ஒரு மதிப்பு வரும். சரியாகக் கீழ்நோக்கி வெட்டி -1 என்று வந்தாலும் ஆபத்து தீரவில்லை. பைத்தானின் எண் அணி நூலகமான நம்பையில் -1 என்றால் கடைசி வரிசை என்று பொருள். வடக்கு எல்லைக்கு வெளியே கிளிக் செய்தால் தெற்கு எல்லையின் உயரம் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் அமைதியாக வந்து நிற்கும். அதனால் எல்லைக்குள் இருக்கிறதா என்ற சோதனையை மதிப்பு எடுக்கும் வரிக்கு நேர் மேலே வைத்தேன்.

அரைப் பிக்சல் விவகாரம் இதைவிட நுணுக்கமானது. ஒரு மதிப்பு பிக்சலின் முழுப் பரப்புக்கும் உரியது என்று சில தரவுகள் சொல்லும், அதன் நடுப்புள்ளிக்கு மட்டும் உரியது என்று சில சொல்லும். எஸ்ஆர்டிஎம் இரண்டாவது வகை, அதனால்தான் 3600 இல்லாமல் 3601 புள்ளிகள், ஓரத்து வரிசை பக்கத்துக் கோப்பிலும் இருக்கும். ஜிடால் இதைப் புரிந்துகொண்டு மூலையை அரைப் பிக்சல் நகர்த்திக்கொள்ளும். கையால் கோப்பைப் படிக்கிறவர்கள்தான் இதை நினைவில் வைக்க வேண்டும். அரைப் பிக்சல் என்றால் சுமார் 15 மீட்டர். சமவெளியில் ஒன்றும் ஆகாது. 45 டிகிரிச் சரிவில் 15 மீட்டர் நகர்ந்தால் உயரமும் 15 மீட்டர் மாறும், 30 டிகிரிச் சரிவில் கிட்டத்தட்ட 9 மீட்டர். மலைப்பாதைக்கு இது பெரிய வித்தியாசம்.

ஆய வரிசையும் கவனிக்க வேண்டியது. இடத்தை டிகிரியில் சொல்லும் ஈபிஎஸ்ஜி 4326 என்ற ஆய முறையின் அதிகாரப்பூர்வ வரிசை அட்சரேகை முதலில், தீர்க்கரேகை அடுத்து. பழைய மென்பொருள்கள் பெரும்பாலும் எக்ஸ் முதலில் என்று தீர்க்கரேகையைத்தான் முதலில் வைத்தன. ஆய மாற்ற நூலகமான ப்ராஜின் 6-ஆம் பதிப்பும் ஜிடாலின் 3-ஆம் பதிப்பும் வந்த பிறகு அதிகாரப்பூர்வ வரிசை நடைமுறைக்கு வந்துவிட்டது. இணையத்தில் வரைபடப் படம் கேட்கும் நெறிமுறையான டபிள்யூஎம்எஸ்ஸின் 1.1.1-க்கும் 1.3.0-க்கும் இடையிலும் இதே மாற்றம்தான். என் நிரலில் ஆய மாற்றம் நடக்கும் ஒவ்வோர் இடத்திலும் எக்ஸ் முதலில் என்று வெளிப்படையாக எழுதினேன், இயல்பு நிலையை நம்பவில்லை. ஜிடாலின் லொகேஷன்இன்ஃபோ கட்டளையும் ஒன்றும் சொல்லாவிட்டால் நீங்கள் கொடுப்பது பிக்சல் எண் என்றே எடுத்துக்கொள்ளும், தீர்க்கரேகை அட்சரேகை கொடுக்கிறீர்கள் என்றால் டபிள்யூஜிஎஸ்84 என்ற ஆப்ஷனைச் சேர்க்க வேண்டும். என் நிரல் தருகிற மதிப்பைச் சரிபார்க்க இந்தக் கட்டளையைத்தான் நடுவராக வைத்தேன்.

சரிவைக் கணக்கிட உயரக் கோப்பை மீட்டரில் அளக்கும் யுடிஎம் ஆய முறைக்கு மாற்ற வேண்டியிருந்தது, ஏனென்றால் மூலக் கோப்பில் கிடைமட்டம் டிகிரியில், உயரம் மீட்டரில் இருக்கிறது. விகிதம் சொல்லாமல் அப்படியே கணக்குப் போட்டால் 0.00028 அலகு தூரத்தில் 10 அலகு ஏறுவதாக எடுத்துக்கொண்டு எல்லா இடமும் 90 டிகிரிச் செங்குத்தாக வரும். மாற்றும்போது புதிய பிக்சலின் மதிப்பை எடுக்க எந்த ரீசாம்ப்ளிங் முறை என்று ஜிடால் வார்ப்புக்குச் சொல்லாவிட்டால், கிட்டத்தில் உள்ள பிக்சலின் மதிப்பை அப்படியே எடுக்கும் நியரஸ்ட் முறையை எடுத்துக்கொள்ளும். உயரத்துக்கு அது பொருந்தாது. எண்களைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, மலையில் வெயிலும் நிழலும் விழுவது போல வரையும் நிழற்படம் போட்டுப் பார்த்தால்தான் நேர்கோட்டில் வரி வரியாகத் தையல் போட்ட மாதிரி ஒரு கட்டம் தெரியும். சில இடங்களில் ஒரே பிக்சல் இரண்டு முறை வந்திருக்கும், சில இடங்களில் ஒன்று விடுபட்டிருக்கும், அந்த வரிகள் அதன் அடையாளம். சரிவு அந்த வரிகளில் சுழியத்துக்கும் உச்சத்துக்கும் மாறி மாறிக் குதிக்கும். பைலீனியர் அல்லது க்யூபிக் போட்டு மறுபடி மாற்றியதும் போய்விட்டது. படம் இந்த ஒரு விஷயத்தில் எண்ணைவிட நல்ல சாட்சி. எந்த உயரக் கோப்பைப் பதப்படுத்தினாலும் நிழற்படம் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் அடுத்த படிக்குப் போகிறேன்.

இன்னொன்று, சரிவு ஒரு பிக்சலைச் சுற்றியுள்ள 3-க்கு 3 கட்டத்திலிருந்து வருகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாகச் சரிவு கணக்கிட்டுப் பிறகு ஒட்டினால், ஓரத்துப் பிக்சல்களுக்கு அக்கம்பக்கம் இல்லாமல் கோப்புகள் சேரும் இடமெல்லாம் வெற்றுக்கோடு விழும். முதலில் விஆர்டி கட்டி எல்லாவற்றையும் ஒரே கோப்பு போல ஆக்கிவிட்டுப் பிறகு சரிவு எடுப்பதுதான் முறை.

நிலப்போர்வைக்கு இதே அறிவுரை அப்படியே தலைகீழ். வேர்ல்டுகவரில் 10 என்றால் மரங்கள், 20 புதர், 30 புல்வெளி, 40 பயிர், 50 கட்டடங்கள், 60 வெற்று நிலம், 70 பனி, 80 நீர்நிலை, 90 சதுப்பு, 95 அலையாத்தி, 100 பாசி. இவை பெயர்ச்சீட்டுகள், அளவுகள் அல்ல. பைலீனியர் போட்டால் பயிருக்கும் ஏரிக்கும் நடுவே 40-ம் 80-ம் கலந்து 60 வரும், ஏரியைச் சுற்றி ஒரு வெற்று நில வளையம் முளைக்கும். பார்ப்பதற்கு வற்றிய கரை போல அவ்வளவு இயல்பாக இருக்கும் என்பதுதான் இதில் பயமே. மரத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே 30, அதாவது புல்வெளி. ஊருக்கு வெளியே புல்வெளி இருப்பதில் யாருக்குச் சந்தேகம் வரும்? வகைத் தரவுக்கு நியரஸ்ட் முறை மட்டும்தான். தொலைவிலிருந்து பார்க்க உதவும் ஓவர்வியூக்களுக்கும் சராசரி கூடாது, எந்த வகை அதிகம் இருக்கிறதோ அதை எடுக்கும் மோட் முறை சரியாக வரும்.

ஜியோசர்வரில் நிறம் கொடுக்க எஸ்எல்டி என்ற பாணிக் கோப்பில் மூன்று விதம் உண்டு. ராம்ப் என்றால் இரண்டு மதிப்புக்கு நடுவே நிறம் வழுக்கிக்கொண்டு போகும், இன்டர்வல்ஸ் என்றால் படிப்படியாக, வேல்யூஸ் என்றால் அந்தக் குறிப்பிட்ட மதிப்புக்கு மட்டும். உயரத்துக்கு ராம்ப், நிலப்போர்வைக்கு வேல்யூஸ். நோடேட்டாவை மறைக்க -32768-க்கு ஒளிபுகாமை சுழியம் என்று ராம்ப்பில் ஒரு வரி சேர்ப்பது வழக்கம். ஆனால் ராம்ப் ஒளிபுகாமையையும் வழுக்கவிடும். அடுத்த வரி 0 மீட்டர் என்று நேராகப் போனால் நடுவில் உள்ள மதிப்புகள் பாதி தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். -32767-க்கு ஒரு வரி சேர்த்து அங்கேயே முழு நிறத்துக்கு வந்துவிட்டேன். கோப்பிலேயே நோடேட்டா சரியாக இருந்தால் இந்த வரிகளே தேவைப்படாது.

கிளிக் செய்தால் மதிப்பு தர டபிள்யூஎம்எஸ்ஸிலேயே ஃபீச்சர் இன்ஃபோ என்ற வழி இருக்கிறது, பலர் அதையே பயன்படுத்துகிறார்கள். எனக்கு அது போதவில்லை. கேள்வி திரையின் பிக்சலில் போகிறது. இணைய வரைபடங்களில் வழக்கமான வெப் மெர்கேட்டரில் 10-ஆம் ஜூம் நிலையில் நிலநடுக்கோட்டில் ஒரு திரைப் பிக்சல் சுமார் 153 மீட்டர், அதற்குள் 30 மீட்டர்ப் பிக்சல்கள் 25 அடங்கும். அந்த நிலையில் கிளிக் செய்தவர் எதைக் கேட்டார் என்று யாருக்கும் தெரியாது. 12-ஆம் நிலையில் 38 மீட்டர், 13-இல்தான் சுமார் 19 மீட்டராகி மூலப் பிக்சலைவிடச் சிறிதாகிறது. அதனால் கிளிக்கின் ஆயத்தை முழுத் துல்லியத்தோடு என் பைத்தான் சேவைக்கு அனுப்பி, அது மூலக் கோப்பிலிருந்து படிக்கிறது. 13-க்குக் கீழே இருக்கும்போது இன்னும் பெரிதாக்கிக் கிளிக் செய்யுங்கள் என்று ஒரு வரி காட்டுகிறேன். சர்வரிலிருந்து எண்களையே மொத்தமாக வாங்க வேண்டும் என்றால் டபிள்யூசிஎஸ் இருக்கிறது, அது படம் தராமல் கவரேஜையே தரும்.

சுட்டியை நகர்த்த நகர்த்த உயரம் ஓட வேண்டும் என்று ஆசை வந்தது. ஒவ்வோர் அசைவுக்கும் சர்வரைக் கேட்க முடியாது, அதனால் நிறத்துக்குள் உயரத்தைப் பொதிந்த டைல்கள், அதாவது சதுரப் படத்துண்டுகள் செய்தேன். சூத்திரம் பரவலாகப் புழங்குவதுதான்: சிவப்பு × 65536, பச்சை × 256, நீலம் மூன்றையும் கூட்டி 0.1-ஆல் பெருக்கி 10,000 கழிக்க வேண்டும். நீலத்தில் 1 மாறினால் 10 சென்டிமீட்டர், பச்சையில் 1 மாறினால் 25.6 மீட்டர், சிவப்பில் 1 மாறினால் 6553.6 மீட்டர். ஜேபெக் சுருக்கம் நிறத்தை லேசாக மாற்றினால்கூட மலை பள்ளமாகும். பிஎன்ஜி அல்லது இழப்பில்லாத வெப்பி (WebP) வடிவம் மட்டும். பெரிதாக்கும்போது உலாவி பிக்சல்களை மென்மையாக்குவதையும் நிறுத்த வேண்டும், ஏனென்றால் கலந்த பச்சை 134.5 என்று வந்து 135 ஆக முழுமையாக்கப்பட்டால் அந்த அரை எண்ணிலேயே 12.8 மீட்டர் போய்விடும். முதலில் உயரமாக மாற்றிவிட்டுப் பிறகு இடைமதிப்பு எடுக்கலாம், வரிசை மாறக்கூடாது. ஓடுகிற எண்ணை உத்தேசம் என்று சாம்பல் நிறத்தில் காட்டுகிறேன், கிளிக் செய்தால் வருவது மட்டும்தான் மூலக் கோப்பின் எண்.

பசுமைக் குறியீடு பார்க்க எளிது. அகச்சிவப்பு ஒளியின் மதிப்பிலிருந்து சிவப்பு ஒளியின் மதிப்பைக் கழித்து இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். சென்டினல்-2 மதிப்புகள் 10,000-ஆல் பெருக்கி முழு எண்ணாக வைத்தவை, வகுக்கும்போது அது தானாக அடிபட்டுப்போகும். ஆனால் 2022 ஜனவரி 25 முதல் பதப்படுத்தும் முறை மாறி ஒவ்வொரு மதிப்பிலும் 1000 கூடுதலாக இருக்கிறது, அது அடிபடாது, கழிக்க வேண்டும். சிவப்பு 1400, அகச்சிவப்பு 3600 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே போட்டால் 0.44. கழித்துவிட்டுப் போட்டால் 2200-ஐ 3000-ஆல் வகுத்து 0.73. ஒரே காடு, ஒன்றில் நோய் பிடித்தது போலவும் இன்னொன்றில் செழிப்பாகவும் தெரியும். பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிடுகிறவர்களுக்கு 2022-இல் உலகமே திடீரென்று காய்ந்துபோனது போல இருக்கும். சில தரவு வழங்கிகள் இதை ஏற்கெனவே கழித்துக் கொடுக்கின்றன, இரண்டாவது முறை கழித்துவிடாமல் கோப்பின் விவரத்தைப் படித்துப் பார்ப்பது அவசியம்.

எண் வகையும் கவனிக்க வேண்டும். குறியில்லாத 16 பிட் எண்களில் 1200-இலிருந்து 1300-ஐக் கழித்தால் -100 வராது, 65436 வரும். தண்ணீர் இருக்கும் இடங்களில் இதுதான் நடக்கும், குறியீடு 1-க்கு மேல் போய் 26 என்று நிற்கும். படத்தில் எல்லை -1 முதல் 1 வரை பூட்டியிருந்தால் ஏரி அடர்ந்த காட்டின் பச்சையில் பளபளக்கும். படித்தவுடன் தசம எண்ணாக மாற்றிவிட்டு, சுழியம் உள்ள பிக்சல்களை நோடேட்டா என்று மறைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் எந்தக் கணக்கும்.

பரப்புக் கணக்கு ஒரு தனி உலகம். வளைத்த எல்லைக்குள் பிக்சலின் நடுப்புள்ளி விழுந்தால்தான் சேர்ப்பது, தொட்டாலே சேர்ப்பது, எவ்வளவு பங்கு உள்ளே இருக்கிறதோ அந்த அளவுக்கு எடை கொடுப்பது என்று மூன்று வழி. பெரிய பரப்புக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். ஓடைக்கரையோரத்து ஒடுங்கிய துண்டுக்கு முதல் வழியில் ஒரு பிக்சல்கூடச் சிக்காமல் வெறுமையாக வரும். எக்ஸாக்ட்எக்ஸ்ட்ராக்ட் நூலகம் மூன்றாவது வழியைச் செய்கிறது, அதையே வைத்துக்கொண்டேன். நிலப்போர்வைக்குச் சராசரி எடுக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை, வகைவாரியாக எண்ண வேண்டும். எண்ணியதைப் பரப்பாக மாற்றும்போது டிகிரியில் உள்ள பிக்சல் எல்லாம் ஒரே பரப்பு இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். 60 டிகிரி அட்சரேகையில் அதன் அகலம் நிலநடுக்கோட்டில் இருப்பதில் பாதிதான். வெப் மெர்கேட்டரில் அளந்தால் அதே இடம் நான்கு மடங்கு பெரிதாக வரும். சம பரப்பு ப்ரொஜெக்‌ஷனுக்கு மாற்றிவிட்டு எண்ணுங்கள்.

உயரத்தைக் கையிலிருந்த ஜிபிஎஸ் பதிவோடு ஒப்பிட்டபோது நினைவில் வைக்க வேண்டியது, இரண்டும் ஒரே தளத்திலிருந்து அளப்பதில்லை என்பது. எஸ்ஆர்டிஎம் ஈஜிஎம்96 என்ற ஜியாய்டிலிருந்தும் (சராசரிக் கடல் மட்டத்தை ஒட்டிய தளம்) கோப்பர்நிக்கஸ் ஈஜிஎம்2008-இலிருந்தும் அளக்கின்றன. ஜிபிஎஸ் கருவியின் மூல அளவு நீள்வட்டத் தளத்திலிருந்து. நீள்வட்டத் தளத்திலிருந்து ஜியாய்டு விலகும் அளவு இந்தியப் பெருங்கடலில் இலங்கைக்குத் தெற்கே சுமார் -106 மீட்டர், நியூ கினியா பக்கம் சுமார் +85 மீட்டர். அதனால் 90 மீட்டர் தவறு என்று பதறுவதற்கு முன் எந்தத் தளம் என்று பார்க்க வேண்டும். அப்புறம் கோப்பர்நிக்கஸ் காட்டுவது மேற்பரப்பு. காட்டுக்குள் அது மரத்தின் தலையை ஒட்டிய உயரம், காலடி மண்ணின் உயரம் அதற்குக் கீழே.

பாதையின் வரைகோட்டுக்கு 10 மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்தேன். நியரஸ்ட் முறையில் ஒரே பிக்சல் மூன்று முறை வந்து படிக்கட்டு மாதிரி இருந்தது, பைலீனியர் போட்டதும் மலை மலையாகத் தெரிந்தது. மொத்த ஏற்றத்தைக் கூட்டும்போது மட்டும் கவனம் தேவை. தரவில் உள்ள ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் நடுக்கம் எல்லாம் ஏற்றமாகச் சேர்ந்துகொண்டே போய், தட்டையான பாதைகூட ஏறுமுகமாகக் கணக்கு காட்டும். கொஞ்சம் சமன்செய்த பிறகு கூட்டுகிறேன்.

வேகத்துக்குச் செய்ததெல்லாம் எளிமையானவை. எல்லாக் கோப்பையும் மேகக் கணிமைக்கு ஏற்ற ஜியோடிஃப் வடிவத்துக்கு மாற்றினேன், அதில் உள்ளே 512-க்கு 512 கட்டங்களாகப் பிரிந்திருப்பதால் ஒரு புள்ளிக்கு ஒரு கட்டத்தை மட்டும் படித்தால் போதும், கோப்பு வேறு சர்வரில் இருந்தாலும் அந்தத் துண்டு மட்டுமே வரும். கோப்பை ஒவ்வொரு கேள்விக்கும் திறந்து மூடாமல் திறந்தே வைத்தேன். பாதைக்கு ஒவ்வொரு புள்ளியாகப் படிக்காமல், பாதை அடங்கும் சதுரத்தை ஒரே மூச்சில் படித்து நினைவகத்தில் வைத்து அதிலிருந்து எடுத்தேன். மிகப் பெரிய வித்தியாசம் இந்தக் கடைசி மாற்றத்தில்தான் தெரிந்தது.

இப்போது கிளிக் செய்தால் எண்ணோடு சேர்த்து அலகு, எந்தத் தரவு, எந்தத் தேதிப் படம், பிக்சல் அளவு, இடைமதிப்பா மூல மதிப்பா என்பதையும் சேவை திருப்பித் தருகிறது. மதிப்பு இல்லாத இடத்தில் சுழியம் காட்டாமல், தரவு இல்லை என்றே எழுதுகிறது. கடல் பக்கம் மட்டும் பாக்கி இருக்கிறது. கோப்பர்நிக்கஸில் முழுக்கக் கடலாக உள்ள சதுரங்களுக்குக் கோப்பே கிடையாது, அங்கே உயரம் சுழியம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் விஆர்டிக்குக் கோப்பு இல்லாத கடலும் நான் தரவிறக்காமல் விட்ட நிலமும் ஒன்றுதான். தரவிறக்கிய சதுரங்களின் பட்டியலையும் வெளியிட்டவர்கள் கொடுத்த முழுப் பட்டியலையும் ஒப்பிட்டு, கடல் என்று உறுதியான சதுரத்துக்கு மட்டும் சுழியம் தருகிற துண்டு நிரலை அடுத்து எழுத வேண்டும்.